மூச்சு விடாத மன்னிப்பு

“தர மதிப்பீட்டாளர் என்பவர் முன்முடிவுகள் அற்றவர். ஒவ்வோர் அழைப்பையும் தொடக்கம் முதல் இறுதி வரை முழுமையாகக் கேட்ட பின்பே கருத்துக் கொள்பவர். தம் சொந்த விருப்பு வெறுப்புகளை அலுவலக வாசலிலேயே விட்டு வருபவர்.”

கண்ணாடி போட்ட இந்த அறிக்கை மூன்றாவது மாடியில் ஒரு நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடங்களாக உட்கார்ந்திருந்தவர் பாம்பக்கா. அறிக்கையைப் படிக்க வேண்டுமென்றால் அவர் கழுத்தைத் திருப்ப வேண்டும். பத்தொன்பது வருடங்களில் அதற்கு அவசியம் ஏற்பட்டதில்லை.

பாம்புக்காது என்பதுதான் முழுப் பட்டப்பெயர். அதனோடு மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து, அவசரத்துக்கு நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டதில் இப்படி ஆகிவிட்டது. காரணம் தெரியாமல் புதிதாக வேலைக்கு வருபவர்கள் அவர் கொத்துவார் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் பெரிய தவறில்லை.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் புகார்களைத் தொலைபேசியில் கேட்டு வாங்கும் அலுவலகம் அது. குளிராத ஃபிரிட்ஜ்காரர்கள், துணியை விழுங்கிக்கொண்டு கதவைத் திறக்க மறுக்கும் மெஷின்காரர்கள் என்று நாள் முழுக்க அழைத்துத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். கீழ்மாடியில் நாற்பது பேர் அந்தத் திட்டுக்களை வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்பார்கள். பதிவான அழைப்புகளில் சிலவற்றை எடுத்து, ஹெட்போனில் கேட்டு மதிப்பெண் போடுவது பாம்பக்காவின் வேலை. மதிப்பெண் தாளில் கடைசிக் கட்டம்: “மன்னிப்பின் உண்மைத்தன்மை – 10”.

உண்மைத்தன்மையை எதை வைத்து அளப்பது என்று நிர்வாகம் சொல்லவில்லை. பாம்பக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். விளையாட்டு வாத்தியார்கள் கழுத்தில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி ஸ்டாப்வாட்ச் ஒன்றைத் தானே வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார்.

“நிஜமாவே மனசு உறுத்தினவன் முதல்ல மூச்சை இழுப்பான். அப்புறம் எச்சிலை முழுங்குவான். அதுக்கப்புறம்தான் வாய் திறக்கும். குறைஞ்சது ரெண்டு செகண்ட் ஆகும். மூச்சு விடாம வர்ற மன்னிப்பு, பேப்பரைப் பார்த்துப் படிக்கிற மன்னிப்பு.”

இரண்டு விநாடிக்குள் வந்த மன்னிப்புக்குப் பூஜ்யம். நிர்வாகம் இதைக் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அளந்து போட்ட மாதிரி தெரிந்தால் நிர்வாகங்களுக்குப் போதும்.

வீட்டிலும் இதே சட்டம்தான். வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், வெள்ளை மனசு. “ஏன் லேட்டு?” என்று கேட்டால், கல்யாணமான புதிதில் சட்டென்று உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வார். இருபது வருடத்தில் தேறிவிட்டார். இப்போதெல்லாம் ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே உண்மையைச் சொல்கிறார். நம்பப்படுகிறது.

இவ்வளவு சந்தேகம் உள்ளவருக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு, கார் பந்தயம். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் அனுபவிப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவிக்கு எதிரே உட்கார்ந்து என்ஜின் சத்தத்தை வைத்தே, எவன் பிரேக்கைச் சீக்கிரம் மிதித்தான், எவன் கியரைத் தவறவிட்டான் என்று சொல்வார். “படம் பொய் சொல்லும், சத்தம் சொல்லாது” என்பது அவர் கட்சி. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரர், ஓட்டுநர்கள் வளைவில் திரும்பும் விதத்தைத் திருத்துவார். “இவங்கள்லாம் முன்னாடி பார்த்துதானே ஓட்டுறாங்க. நான் வாழ்க்கையில பாதியை ரிவர்ஸ்லயே ஓட்டியிருக்கேன்.”

அலுவலகத்திலும் பந்தய ரசிகர்கள் இருந்தார்கள். திங்கட்கிழமை நாலு மணி தேநீர் இடைவேளையில் கேன்டீன் ஜன்னலோர மேஜை அவர்களுடையது. அந்த வருடம் மேஜை இரண்டாகப் பிளந்ததற்குக் காரணம் ஓர் அறிமுக ஓட்டுநர். பத்தொன்பது வயது, மீசை முளைக்காத முகம், பேட்டியில் எல்லோருக்கும் நன்றி சொல்கிற வாய். ரசிகர்கள் வைத்த பெயர் பால்முகம். அவனிடம் இருப்பது அசல் திறமை, அடக்கம் அவன் பிறவிக் குணம் என்றவர்கள் பால் கட்சி. கார் நல்ல கார், அடக்கம் விளம்பரக் கம்பெனி சொல்லிக் கொடுத்தது என்றவர்கள் தண்ணீர் கட்சி.

தண்ணீர் கட்சிக்குத் தலைவர் பெட்டிக்காரர். அழைப்புப் பதிவுகள் சேரும் கணினிப் பெட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் தொழில்நுட்ப ஆள். எதையும் நம்பாமலேயே சந்தோஷமாக இருப்பவர்.

“போன வாரம் ஒரு வீடியோ வந்துச்சே பார்த்தீங்களா?” என்று ஒரு திங்கட்கிழமை அவர் ஆரம்பித்தார். “ராத்தங்குற ஓட்டல் வாசல்ல தெருநாய்க்கு பிஸ்கட் போடறான். யாருக்கும் தெரியாம செய்யறானாம். நாய்க்கு பிஸ்கட் வச்சது சரிங்க, எதிர்ல கேமராவை வச்சது யாரு? நாயா?”

மேஜை சிரித்தது. பாம்பக்கா சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீர் கட்சியின் நீதிபதி அவர்தான்.

“ஷூவை எடுத்துக்குங்க” என்றார் பெட்டிக்காரர். “எல்லாப் பேட்டியிலயும் அதே கிழிஞ்ச ஷூ. இத்தனை பெரிய கம்பெனி டீம், ஒரு ஷூ வாங்கித் தராதா? எளிமையாம்.”

“அது நிஜமாவே பழைய ஷூங்க” என்றது மேஜைக் கோடியிலிருந்து ஒரு குரல்.

குரலுக்குச் சொந்தக்காரர் புதுசு. கீழ்மாடியில் கடைசியாகச் சேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர். வயது ஐம்பத்தொன்று, அந்தத் தளத்திலேயே மூத்தவர். இருபத்தாறு வருடம் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். கடை மூடிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு இடங்களில் சேர்ந்து, தகுதிகாண் காலம் முடிவதற்குள் இரண்டும் கைவிட்டுப் போயின. இது மூன்றாவது. மூன்று மாதத் தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நூற்றுக்கு எழுபத்தைந்து சராசரி இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வாசல். அவருடைய மதிப்பெண் தாள் பாம்பக்கா மேஜையில் இருந்தது. அது இருவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மனிதர் எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்திருந்தார்.

“கத்தரியால கிழிச்சா நேர்கோடா கிழியும்” என்றார் புதுசு. “இது கட்டைவிரல் பக்கம் அடியில பிரிஞ்சிருக்கு. வலது கால்ல மட்டும். ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால். ரொம்ப நாள் மிதிச்சாத்தான் அந்த இடம் பிரியும். நடிப்புக்காகப் பிரிக்கணும்னு நினைக்கிறவங்க ரெண்டு கால்லயும் பிரிப்பாங்க.”

இது நிபுணர் சாட்சி. எல்லோரும் நீதிபதியைப் பார்த்தார்கள்.

“ஷூ எனக்குத் தெரியாது” என்றார் பாம்பக்கா. “நேத்து மோதினான் பாருங்க, அதைச் சொல்றேன்.”

நேற்று ஞாயிற்றுக்கிழமை மழையில் நடந்த பந்தயத்தில், பால்முகம் தன் அணியிலேயே மூத்த ஓட்டுநரை உள்பக்கமாக முந்தப் போய் இடித்து, இரண்டு காரும் சுவரில் போய் நின்றிருந்தன. டிவியில் மோதல் காட்டப்பட்டது. உடனே, காரிலிருந்து அணியோடு பேசும் ரேடியோவில் அவன் குரல்: என் தவறு, எல்லோரும் மன்னியுங்கள். பால் கட்சியில் பாதிப் பேர் கண் கலங்கிவிட்டார்கள். தப்பை ஒத்துக்கொள்ள இவனை விட்டால் ஆள் இல்லை என்று பந்தய உலகமே பேசிக்கொண்டிருந்தது.

பாம்பக்கா கைப்பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ரேடியோவுல அவன் டீம் பொறியாளர் என்ன ஆச்சுன்னு கேட்டு முடிச்சதுல இருந்து இவன் ஆரம்பிக்கிற வரைக்கும் அளந்தேன். மூணு தடவை. முக்கால் செகண்ட். நூறு மைல் வேகத்துல சுவத்துல மோதினவன், முக்கால் செகண்ட்ல, மூச்சு வாங்காம, மன்னிப்பு. காரைக் கிளப்பறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்காங்க.”

“கேஸ் முடிஞ்சுது” என்றார் பெட்டிக்காரர்.

புதுசு தேநீர்க் குவளையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பாம்பக்காவைவிட ஐந்து வயது பெரியவர்தான். ஆனாலும் அக்கா என்றே கூப்பிடுவார். வேலை நிரந்தரமாகாதவருக்கு உலகத்தில் எல்லோரும் மூத்தவர்கள்.

“இல்லக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? டிவியில ரேடியோவை அப்படியே போட மாட்டாங்க. நடுவுல பேச்சு இல்லாத இடத்தை வெட்டிட்டுத்தான் போடுவாங்கன்னு எங்கயோ படிச்சேன்.”

“வெட்டாம பின்ன? ஒண்ணுமில்லாத சத்தத்தை எவன் பூட்டி வைப்பான், இடத்தை அடைக்கும்ல” என்றார் பெட்டிக்காரர், ஏதோ நினைவில். பிறகு தான் எந்தக் கட்சி என்று ஞாபகம் வந்து, “ஆனா பால்முகம் விஷயம் வேற” என்றார்.

“எந்தக் கட்சிக்கும் ஒரு சாக்கு வேணும் இல்லையா?” என்று பாம்பக்கா எழுந்தார். புதுசின் முகத்தைப் பார்த்தபோது ஒரு சந்தேகம் உறுதியானது. செருப்புக் கடைக்காரர். இருபத்தாறு வருடம் காலடியில் குந்தி உட்கார்ந்து, “சாரி சார், சைஸ் இல்லைங்க” என்று சொல்லிப் பழகிய நாக்கு. திறமையாக மன்னிப்புக் கேட்பவர், திறமையாக மன்னிப்புக் கேட்பவனுக்குப் பரிந்துகொண்டு வருகிறார். இனம் இனத்தோடு.

மதிப்பெண் தாளும் அதைத்தான் சொன்னது. மூன்று மாதத்தில் பதினான்கு அழைப்புகள். ஒன்பதில் மன்னிப்பில் குறையில்லை. ஐந்தில் மன்னிப்பு மூச்சு விடாமல் வந்திருந்தது, பூஜ்யம். சராசரி எழுபத்திரண்டு. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்காரர் செல்போனை டிவியோடு இணைத்துக்கொண்டிருந்தார்.

“இங்க வா. அந்த மோதல் இருக்கே, காருக்குள்ள வச்ச கேமராவுல எடுத்ததை யாரோ ஒரு ரசிகன் முழுசாப் போட்டிருக்கான். பையன் திருப்பினது தப்பே இல்ல. தண்ணி தேங்கியிருக்கு, பார்.”

பாம்பக்கா சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மழை. என்ஜின். பிரேக் மிதிபடுகிற கிறீச். இரும்பு நொறுங்குகிற சத்தம். பொறியாளர் குரல்: என்ன ஆச்சு?

அதன்பின் எதுவும் இல்லை. மழை மட்டும்.

நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. கையுறை போட்ட கை எதன்மேலோ தொம்மென்று அடித்தது, இரண்டு தடவை. தொண்டையில் ஏதோ அடைத்து இறங்கிய சத்தம். இன்னொரு மூச்சு. அப்புறம்தான் வந்தது: என் தவறு, எல்லோரும் மன்னியுங்கள்.

பாம்பக்கா கண்ணைத் திறந்தார். “இந்த மூச்சையெல்லாம் எவன் சேர்த்தான்?”

“யாரு சேர்ப்பா?”

“ரசிகன் போட்டதுன்னுதானே சொன்னீங்க. எந்தக் கட்சி ரசிகன்? படத்தை நம்ப முடியாது.”

வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் ஆழமாக மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னார். “படத்தை நம்ப வேணாம். மூலையில கடிகாரம் ஓடுது பார். ஒரு செகண்டாவது குதிக்குதா? படம் பொய் சொல்லும், சரி. கடிகாரமுமா?”

இது பாம்பக்காவின் சொந்த மதத்தைத் தாக்குவது. அவர் ஸ்டாப்வாட்சை எடுத்து, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, மூலையில் ஓடிய கடிகாரத்தோடு சேர்த்து அழுத்தினார். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஓடின. கேள்விக்கும் மன்னிப்புக்கும் நடுவே ஒன்பது விநாடி. டிவியில் வந்ததைத் திரும்பப் போட்டார். முக்கால். நடுவில் இருந்த எட்டே கால் விநாடியை ஒளிபரப்பியவர்கள் கத்தரித்திருந்தார்கள். அதில்தான் மூச்சு இருந்தது.

“அப்ப பால் கட்சிதானே ஜெயிச்சுது?” என்றார் வீட்டுக்காரர்.

“நாய் விஷயம் அப்படியே இருக்கு.”

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனவர், அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சந்தேகத்துக்கு ஒரு கெட்ட குணம். கட்டிப்போட்டு வளர்த்தவர் பக்கமும் ஒருநாள் திரும்பிப் பார்க்கும். ஒண்ணுமில்லாத சத்தத்தை எவன் பூட்டி வைப்பான். இடத்தை அடைக்கும்ல. பெட்டிக்காரர் சொன்னபோது காதில் விழுந்த வாக்கியம்தான். பாம்புக்காதில் விழாமல் போகுமா. விழுந்த இடத்தில் இத்தனை நாள் அசையாமல் கிடந்திருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவர் செய்த முதல் காரியம், பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் செய்யாதது. மதிப்பெண் தாளின் தலைப்பில், அழைப்பு நீடித்த நேரம் என்று ஒரு கட்டம் இருக்கும். தொலைபேசி இணைப்பகம் தானாக நிரப்புவது. யாரும் பார்ப்பதில்லை. புதுசின் தாள்களில் ஒன்றை எடுத்தார். ஆறு நிமிடம் பத்து விநாடி என்றிருந்தது. பதிவை ஓடவிட்டார். நாலு நிமிடம் ஐம்பதில் முடிந்துவிட்டது.

பெட்டிக்காரரின் அறை அலமாரி மாதிரி சிறியது, குளிரூட்டி மட்டும் பெரியது. பாம்பக்கா உட்காரவில்லை.

“பதிவுல பேச்சில்லாத இடத்தை வெட்டறீங்களா?”

“ஆமாங்க்கா. நாலு மாசமா. இடம் பத்தல. புது மென்பொருள், தானாவே சுருக்கிடும். சுற்றறிக்கை விட்டேனே. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

எடுத்துக் காட்டினார். நாலு வரிச் சுற்றறிக்கை. அடியில் பாம்பக்காவின் கையெழுத்து, வேகமாகப் போட்டது.

“அப்ப எல்லாருக்கும்தானே வெட்டியிருக்கும்? இவருக்கு மட்டும் ஏன் இத்தனை குறையுது?”

பெட்டிக்காரர் சில பதிவுகளைத் திறந்து திரையில் ஒலி அலைகளைக் காட்டினார். மற்ற பிள்ளைகள் எல்லாம் வாடிக்கையாளர் திட்டும்போது, “ம்ம்… சரிங்க சார்… ம்ம்… புரியுதுங்க சார்” என்று சந்து விடாமல் முனகுகிறவர்கள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. முனகலைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் விட்டுவிட்டது. புதுசு மட்டும் திட்டு முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டிருந்தார். கத்தரிக்கு அகப்பட்டது அந்த ஒரு வாய்தான், அதுவும் எதிர்முனையில் டிவியோ குழந்தையோ கத்தாத அழைப்புகளில் மட்டும்.

“வெட்டறதுக்கு முந்தின அசல் இருக்கா?”

“முப்பது நாளைக்கு இருக்கும். அப்புறம் தானா அழிஞ்சிடும்.” தாளைப் பார்த்தார். “நீங்க கேட்கிற அஞ்சுல மூணு இருக்கு. ரெண்டு போயிடுச்சு. அக்கா, இதைப் போய் ஏன் கிளறிக்கிட்டு… அவர் பால் கட்சிதானே?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?” என்றார் பாம்பக்கா. முந்தின நாள் வரை இரண்டுக்கும் நிறைய சம்பந்தம் இருந்தது.

நாலு மணிக்கு முதல் பதிவைக் காதில் போட்டுக்கொண்டார். வாஷிங் மெஷின் கதவு திறக்காத ஓர் அம்மாள். உள்ளே பள்ளிச் சீருடை, வெளியே மூன்று நாளாக வராத மெக்கானிக். நிறுத்தாமல் திட்டினார். திட்டி முடித்ததும் ஒரு நீளமான இடைவெளி. புதுசின் மூக்கு லேசாகச் சீறியது. நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ எழுந்து நிற்கிற சத்தம் மாதிரி. திட்டு வாங்கும்போது எழுந்து நிற்கிறாரா இவர்? இருபத்தாறு வருடம் கடையில் அப்படித்தான் நின்றிருப்பார். பிறகு, “மன்னிச்சுடுங்கம்மா” என்றார். ஸ்டாப்வாட்ச் ஆறு என்றது.

இரண்டாவதில் ஐந்து.

மூன்றாவதில் ஒரு மனிதர் ஃபிரிட்ஜ் பல்பு எரியவில்லை என்றார். புதுசு ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளாமல் மன்னிப்புக் கேட்டார். பாம்பக்கா இன்னொரு முறை கேட்டார். வெட்டு எதுவும் இல்லை. அசல் பதிவில் அசல் போலி. பல்புக்கெல்லாம் மனசு உறுத்தாது போலிருக்கிறது. பாம்பக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நாலரைக்குக் கதவில் தட்டிவிட்டுப் புதுசு எட்டிப் பார்த்தார். சட்டையை உள்ளே விட்டிருந்தார். காலில் துடைத்துப் பளபளக்கிற பழைய ஷூ.

“அக்கா, அஞ்சு மணிக்கு மேனேஜர் வரச் சொன்னார். தாள் போயாச்சான்னு கேட்கச் சொன்னார்.”

“போகல.”

“சரிங்க்கா.” போகாமல் நின்றார். “குறைஞ்சிருக்குன்னு தெரியும். மனசுல வச்சுக்காதீங்க. பால்முகம் பத்தி அன்னிக்கு நான் எதுத்துப் பேசினதுக்காக நீங்க ஒண்ணும் குறைச்சிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்.”

பாம்பக்கா அந்தப் பேச்சை வழக்கம்போல் எடை போட்டார். நயமாகக் காரியம் சாதிக்கிற பேச்சா? இருக்கலாம். சொல்வதற்கு முன் மூச்சு இழுத்தாரா என்று கவனிக்க விட்டுப்போயிருந்தது.

“ஒண்ணு கேட்கட்டுமா?” என்றார். “திட்டு வாங்கும்போது எழுந்து நிப்பீங்களா?”

புதுசுக்கு முகம் சிறுத்துப்போனது. “பழக்கம்க்கா. ஏன், அதுக்கும் மார்க் குறையுமா?”

“தாள்ல அதுக்குக் கட்டம் இல்ல. போங்க, அனுப்பறேன்.”

அவர் போனதும் பாம்பக்கா திருத்தப் படிவத்தை எடுத்தார். அழிந்துபோன இரண்டு அழைப்புகளுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடலாமா என்று பேனா நின்றது. கேட்காததற்கு மார்க் போட அவருக்குக் கை வரவில்லை. கேட்காமல் பூஜ்யம் மட்டும் எப்படிப் போட்டோம் என்ற கேள்வியும் கூடவே வந்து நின்றுகொண்டது. இரண்டையும் அடித்து, கணக்கில் சேரவில்லை என்று எழுதினார். மீதிப் பன்னிரண்டைக் கூட்டி வகுத்தபோது சராசரி எழுபத்தைந்தைத் தாண்டி ஒரு முடியளவு நின்றது. படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மென்பொருள் கோளாறு என்று எழுதலாம். அது உண்மையும்கூட. யாரும் கேட்க மாட்டார்கள். பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே வெகுநேரம் நின்றது. ஸ்டாப்வாட்ச் மேஜையில்தான் இருந்தது, யாரும் அழுத்தவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தேநீர் மேஜையில் அவர் பால் கட்சிக்கு மாறியதாக ஒரு வதந்தி கிளம்பியது. மாறவில்லை. நாய்க்கு எதிரில் கேமரா வைத்தது யார் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் செய்தது இதுதான்: மூன்று அழைப்புகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை கேட்டார். இரண்டுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றுக்குக் கொடுக்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் ‘என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் முன்னால் தானே எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தார்.